கஹோராவுக்கு எத்தனை குலவை?

கஹோரா தரையில் இறங்கிவிட்டாள்!

கதோனியின் கை அப்படியே நின்றது. விரலிடுக்கில் கனானாவின் முடி. பாதித் தலை பின்னியாகிவிட்டது, மீதிப் பாதி குத்திட்டு நிற்கிறது. வங்கி வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தலை பின்ன வந்து உட்கார்ந்திருந்த கனானா, கண்ணாடியில் எதையோ பார்த்துவிட்டு நாற்காலியோடு சேர்த்து ஒரு துள்ளுத் துள்ளினாள்.

"ஐயோ கதோனி! உன் பிராணி என் காலுகிட்ட வருது!"

"அசையாத. மிதிச்சிடாத. அசையாதங்கிறேன்ல!"

கதோனி சீப்பைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். தரையில் கிடந்த முடிக் குப்பைக்கு நடுவே பச்சோந்தி வந்துகொண்டிருந்தது. அது வந்த வேகம்தான் அவளுக்குப் புதிது. எங்கள் கிக்குயுப் பேச்சில் கஹோரா என்றால் 'மெதுவாக'. சலூன் வாசலில் படர்ந்திருக்கும் பாஷன் பழக் கொடியில் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அரை நாள் எடுத்துக்கொள்கிறவள் அவள். அப்படிப்பட்டவள் இன்று காலையிலிருந்து சுவரில் ஏறினாள், இறங்கினாள், ஜன்னல் கம்பியைச் சுற்றினாள், இப்போது தரைக்கே வந்துவிட்டாள். பச்சை நிறம் போய்க் கரிச்சட்டி நிறத்தில் இருந்தாள். தூக்கப் போன கதோனியைப் பார்த்து வாயைப் பிளந்து சீறினாள். வளர்த்தவளைப் பார்த்து அவள் சீறியது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா செய்யுது உனக்கு? சொல்லேன்," என்றாள் கதோனி.

"அது வாயைத் திறந்து சொன்ன லட்சணம் தெரியாதா?" கனானா காலை நாற்காலி மேல் தூக்கிவைத்துக்கொண்டாள். "அது திக்கினதுனாலதான் நாம எல்லாரும் சாகுறோம்."

எங்கள் ஊரான காரத்தினாவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை இது. மனிதர்களுக்குச் சாவு இல்லை என்று கடவுள் சொல்லி அனுப்பியது பச்சோந்தியிடம். அது ஆடி அசைந்து வந்து, வாயைத் திறந்து திக்கிக்கொண்டு நின்றபோது, பின்னால் கிளம்பிய பறவை முந்திக்கொண்டு, சாவு உண்டு என்று சொல்லிவிட்டது. பறவையை யாரும் திட்டுவதில்லை. பச்சோந்தியை மட்டும் இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை. காட்டெருமைக்குப் பயப்படாத ஆண்பிள்ளைகள், வேலியில் பச்சோந்தியைக் கண்டால் சாலைக்கு மறுபக்கம் போய் நடப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பச்சோந்தி சலூனுக்குள் வந்ததற்குக் காரணம், பக்கத்துக் கடை கிபுச்சியம்மா. பழைய துணி விற்கிறவள். தொண்டை அப்படி ஒரு தொண்டை; அவள் விலை சொன்னால் ரயில் நிலையத்தில் கேட்கும். போன பெருமழைக் காலத்தில் மாட்டுக்குப் புல்கட்டைச் சுமந்துகொண்டு அவள் சந்தை வழியாக வந்தபோது, புல்லிலிருந்த பச்சோந்தி அவள் பின்னலில் ஏறிப் பிடித்துக்கொண்டது. அவள் போட்ட கூச்சலில் சந்தையே சிதறியது; அவளும் மயங்கி விழுந்தாள். முடியைப் பிடித்த பச்சோந்தி விடாது, முடியை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கு. பத்தடி தள்ளி நின்றுகொண்டு ஆம்பிளைகள் எல்லாரும் "வெட்டு! வெட்டு!" என்று கத்தினார்கள். கதோனி அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். "இது நான் நாள் முழுக்கப் பின்னின தலை. கத்தரிக்கோலை எவன் எடுக்கிறான்னு பார்க்கிறேன்," என்றாள். பிறகு சிக்கெடுக்கிற மாதிரி, அதன் விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் முடியிலிருந்து பிரித்தாள். விடுபட்ட விரல்கள் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன. இறக்கிவிடவும் அவளுக்கு மனம் வரவில்லை.

மயக்கம் தெளிந்து எழுந்த கிபுச்சியம்மா நன்றி சொன்னாளா? அதுதான் இல்லை. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டாள் என்று முதலில் சிரித்தவள் அவள்தான். கதோனிக்குப் 'பச்சோந்தியம்மா' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அந்தப் பெயரில் ஒரு முள் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி பிள்ளை பெற்றால் அவள் சொந்தப் பெயர் போய்விடும். கிபுச்சியைப் பெற்றவள் கிபுச்சியம்மா, அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டியும் சொந்தப் பெயரோடு இருந்தவள் சந்தையிலேயே கதோனி ஒருத்திதான். புருஷன் நைரோபிக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்ததோ இல்லையோ, வேறு பெண்டாட்டியும் பிள்ளைகளும் கிடைத்தார்கள். கதோனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சலூன் போட்டாள். எந்த வீட்டில் குலவைச் சத்தம் கேட்டாலும், ஆண் பிள்ளைக்கு ஐந்து, பெண் பிள்ளைக்கு மூன்று என்று அவளும் எண்ணுவாள். எண்ணி முடிந்ததும் புளித்த கஞ்சியைக் காய்ச்சிக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க முதல் ஆளாகப் போய் நிற்பாள். பச்சோந்தியம்மா என்று கூப்பிட்டபோது எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்த்தால் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் கஹோரா வந்த பிறகு அவள் மாறித்தான் போனாள். காலையில் கடை திறந்ததும் கொடியைத் தடவிப் பார்த்து, "எழுந்துட்டியா?" என்பாள். கொடியிலிருந்து ஒரு கண் அவள் பக்கம் திரும்பும். மற்ற கண் ஈயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு கண் அவளுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது அந்தக் கஹோரா கறுத்துப்போய்ச் சீறுகிறாள். கதோனி எதிர்க்கடைக்கு ஓடி ஞாகியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஞாகி ஆடு மாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவன். சந்தையில் அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"சாப்பிடுதா?" ஞாகி குனிந்தான். ரொம்பக் குனியவில்லை.

"வெட்டுக்கிளியைப் பிடிச்சு மூக்குக்கு நேரா நீட்டினேன். ஒரு கண்ணால அதைப் பார்த்தா. இன்னொரு கண்ணால என்னைப் பார்த்தா. அப்புறம் ரெண்டையும் திருப்பிக்கிட்டா."

"வயிறு உப்பியிருக்கு. பூச்சிதான். ஆட்டுக்குக் குடுக்கிற மருந்துல ஒரு சொட்டு..."

"உன் கடைக்குப் பாதிரியார் தலைவலின்னு வந்தாலும் நீ ஆட்டு மருந்துதான் குடுப்ப. நீ வேண்டாம், போ."

வாசலுக்கு வெளியே, இரண்டு கை தூரம் விட்டு, கிபுச்சியம்மாவின் குரல் கேட்டது.

"பூச்சியும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. ஆறு பெத்தவ சொல்றேன். அவ வாயும் வயிறுமா இருக்கா."

"கர்ப்பமா?" கனானாவுக்குப் பயம் பறந்துவிட்டது. "அப்பா யாரு?"

"மூணு கொம்போட ஒருத்தன் மழைக்காலத்துல அந்த வேலியில நின்னான். நான் பார்த்தேன். நம்ம கதோனி என்னமோ ஒழுக்கமா வளர்க்கிறதா நினைச்சுக்கிட்டிருந்தா!"

எல்லாரும் சிரித்தார்கள். கதோனிக்கும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. குட்டியா! கஹோராவுக்குக் குட்டியா! அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொடியையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தியவள் கிபுச்சியம்மாதான்.

"சிரிக்காதீங்க. இது எப்படிப் பெறும்னு தெரியும்ல?"

தெரியும். யாருக்குத்தான் தெரியாது? எங்கள் மலைப் பச்சோந்தி முட்டையிடாது. வயிறு நிறைந்ததும் உச்சிக் கிளைக்கு ஏறும். அங்கிருந்து தன்னைத்தானே கீழே போட்டுக்கொள்ளும். வயிறு வெடிக்கும், குட்டிகள் ஓடும், தாய் செத்துப்போகும். கதோனியின் அம்மாவும் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"இது நம்ம ரெண்டு கடைக்கும் நடுவுல வெடிச்சா, அப்புறம் ஒருத்தி இந்த வாசலை மிதிப்பாளா? நாளைக்குச் சந்தை. கூட்டம் வர்றதுக்குள்ள காட்டோரமா கொண்டுபோய் விட்டுடு. இல்லேன்னா நான் கட்டட முதலாளிகிட்ட சொல்லத்தான் வேணும். என் மேல கோபப்படாத."

"நான் விடமாட்டேன்."

"அப்போ செத்துப்போறதை உட்கார்ந்து பாரு!"

அவள் போய்விட்டாள். கஹோரா மறுபடியும் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தாள். மேலே, மேலே, கொடி இருக்கும் பக்கமாக. ஏறவிட்டால்தானே விழுவாள்? ஏறவே விடாவிட்டால்?

அவள் கஹோராவைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்தாள். தலை கழுவும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஸ்பாஞ்சுத் துண்டைப் போட்டு, அதில் அவளை விட்டு, மேலே முடிவலையை இழுத்துக் கட்டினாள். குச்சி இல்லை, கிளை இல்லை, உயரம் இல்லை. விழ இடமே இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கதோனிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை கொஞ்ச நேரம்தான் நின்றது. வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் கஹோரா கால் வைத்தாள், வழுக்கினாள். மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கினாள். ஓயவே இல்லை. நகம் பிளாஸ்டிக்கில் கீறும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கதோனியால் பின்ன முடியவில்லை. கனானா பாதித் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "நாளைக்கு வர்றேன். இப்படியே ஆபீசுக்குப் போனா மேனேஜர் மயங்கி விழுந்துடுவார். நாளைக்கும் லீவுதான்," என்று எழுந்து போனாள்.

சாயங்காலம் கடை மூடும் நேரத்தில், பச்சோந்தி தொலைந்ததா என்று பார்க்கக் கிபுச்சியம்மா வந்தாள். வாசலில் நின்று கழுத்தை மட்டும் நீட்டினாள். அவள் கண் தொட்டிக்குப் போனது. கஹோரா வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, இப்போதும் ஒரு காலைத் தூக்கி வைத்து வழுக்கிக்கொண்டிருந்தாள். கிபுச்சியம்மாவின் முகம் மாறிப்போனது.

"யாருடி இப்படிச் செஞ்சது?"

"நான்தான். ஏறினா விழுந்துடுவாளே..."

"அடிப் பாவி! உனக்கு நெஞ்சில ஈரம் இருக்கா?" கிபுச்சியம்மா உள்ளே வந்துவிட்டாள், வந்தது அவளுக்கே தெரியவில்லை. "கிபுச்சி பிறக்கிற அன்னிக்கு நான் ஒரு இடத்துல நிக்கல. சோளக் களஞ்சியத்தைச் சுத்திச் சுத்தி நடந்தேன். படு படுன்னாங்க மாமியார். படுக்க முடியுமா? ஒரு வாய் இறங்கல. புருஷன் பக்கத்துல வந்தான், செருப்பைத் தூக்கி அடிச்சேன். அப்போ என்னைப் பிடிச்சு ஒருத்தி தொட்டியில போட்டிருந்தா அவ காதைக் கடிச்சுத் துப்பியிருப்பேன். நோவு கண்டவளைக் கட்டிப்போடுவாங்களாடி?"

கதோனி தொட்டியிலிருந்த கஹோராவைப் பார்த்தாள். நடக்கிறாள். சாப்பிடவில்லை. பக்கத்தில் போனால் சீறுகிறாள். கிபுச்சியம்மா தன்னைப் பற்றிச் சொன்னதும் இவள் காலையிலிருந்து செய்ததும் ஒன்றேதான்.

"நோவா இது? அவளுக்கு வலிக்குதா?"

"பின்ன? நடனமா ஆடுறா? திறந்து விடுடி!"

"விட்டா ஏறுவா. ஏறினா..."

"ஏறினா என்ன ஆகுமோ தெரியாது. இங்க வச்சா என்ன ஆகும்னு கண்ணு முன்னாடி தெரியுதுல்ல?"

கதோனி முடிவலையை அவிழ்த்தாள். தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொடியின் அடியில் சாய்த்தாள். கஹோரா கொடியைப் பிடித்ததும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூரையின் விளிம்புக்கு மேலே, மெல்லிய தளிர்கள் காற்றில் ஆடுகிற கடைசிக் கிளை வரை போனாள். அங்கே வாலைச் சுற்றிக்கொண்டு நின்றாள். இருட்டுவதற்குள் கறுப்பு கலைந்து, லேசாகப் பச்சை திரும்பியிருந்தது.

மறுநாள் மலை மேல் இன்னும் மேகம் விலகாத நேரத்தில் கதோனி ஓடி வந்தாள். அவளுக்கு முன்னால் கிபுச்சியம்மா அங்கே நின்றாள். கையில், விற்பனைக்கு வைத்திருந்த பூப்போட்ட படுக்கை விரிப்பு.

"என்ன முழிக்கிற? பிடி ஒரு முனையை. விழுந்தா துணியிலயாவது விழட்டும்."

"அப்போ காட்டுல கொண்டுபோய் விடணும்னீங்களே?"

"காட்டுல யாரு துணி பிடிப்பா? பேசாம பிடி!"

துண்டு கட்டிய தலையோடு வந்த கனானா மூன்றாவது முனையைப் பிடித்தாள். கடை திறக்க வந்த ஞாகியைக் கிபுச்சியம்மா ஒரு அதட்டுப் போட்டு நான்காவது முனையைப் பிடிக்க வைத்தாள். சந்தைக்கு வந்த முட்டைக்கோஸ்காரிகள் மூட்டையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். பச்சோந்தியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நாலு பேர் படுக்கை விரிப்பை விரித்து நிற்பதைக் காரத்தினா அதற்கு முன் பார்த்ததில்லை.

கஹோரா அசைந்தாள். பின்னங்கால்களை அகட்டினாள். உடம்பு ஒருமுறை நெளிந்தது.

"போறா! போறா!" கனானா கண்ணை மூடிக்கொண்டாள்.

மேலிருந்து ஏதோ விழுந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் "வெடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். கதோனி ஓடவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கஹோரா மேலேதான் நின்றாள். வால் கிளையைச் சுற்றியபடியே இருந்தது. விழுந்தது துணிக்கு வரவே இல்லை. நடுவழியில் ஒரு அகன்ற இலையில் பொத்தென்று ஒட்டிக்கொண்டது. பசை பூசிய ஒரு துளி. துளிக்குள் ஏதோ சுருண்டிருந்தது. அது நெளிந்தது. தோல் கிழிந்தது. ஒரு கால் வந்தது, இன்னொரு கால் வந்தது. பிறகு, விரல்நுனி அளவே இருந்த ஒரு முழுப் பச்சோந்தி எழுந்து, முன்னும் பின்னும் ஆடி, தன் வாழ்க்கையின் முதல் அடியை எடுத்துவைத்தது!

"குட்டி!" கதோனி கத்தினாள். "குட்டி! அவ விழல! அவ விழவே இல்ல! குட்டியைத்தான் போடுறா!"

அடுத்தது விழுந்து வேறொரு இலையில் ஒட்டியது. கஹோரா ஓரடி நகர்ந்து நின்றாள். மறுபடி ஒன்று.

"இதுக்குத்தான் ஏறினாளா? ஆளுக்கு ஒரு இலை குடுக்கவா ஏறினா? நான் பிடிச்சுத் தொட்டியில போட்டேனே!" கதோனி சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது.

எங்கள் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. ஏறியதைப் பார்த்தார்கள், ஏதோ விழுந்ததைப் பார்த்தார்கள், குட்டி ஓடியதைப் பார்த்தார்கள். நடுவில் பயந்து ஓடிவிட்டார்கள், அவ்வளவுதான். நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லாததால் அந்தத் தாயை இத்தனை தலைமுறையாக நாம் கொன்றுகொண்டே இருந்தோம்.

ஒன்று மட்டும் இலையில் ஒட்டாமல் நேராகத் துணிக்கு வந்தது. அதுவும் கிபுச்சியம்மாவின் முனைக்கு. பின்னலில் பச்சோந்தி ஏறியதற்கு மயங்கி விழுந்தவள் அவள். துணியை விட்டுவிடுவாள் என்றே ஞாகி நினைத்தான்.

அவள் விடவில்லை. துளிக்குள் குட்டி அசையாமல் கிடப்பதைப் பார்த்தாள். "என்னடா, எழுந்திரு," என்றாள். அது எழவில்லை. "ஏ, எழுந்திருடா! இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன தூக்கம்?" ஒரு விரலை நீட்டி லேசாகத் தொட்டாள். தோல் கிழிந்தது. குட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. கிபுச்சியம்மாவின் உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் விரல் மட்டும் நேராகவே நின்றது. அவள் அதை மெதுவாக ஒரு இலையின் மேல் ஏற்றிவிட்டாள். பிறகு தன் விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியபோது கொடி முழுக்க இலைக்கு ஒன்றாகக் குட்டிகள். எண்ணத் தொடங்கியவர்கள் எல்லாரும் வெவ்வேறு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டார்கள். கஹோராவின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. கதோனி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து, ஸ்டூல் மேல் ஏறி நீட்டினாள். ஒரு கண் வெட்டுக்கிளியைப் பார்த்தது. ஒரு கண் கதோனியைப் பார்த்தது. சுளீர் என்று நாக்கு வந்தது, வெட்டுக்கிளியைக் காணோம்.

"பிழைச்சுட்டா!" கதோனி ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தாள்.

"டாக்டரே," கிபுச்சியம்மா திரும்பினாள். "இதெல்லாம் ஆணா, பெண்ணா?"

ஞாகி தலையைச் சொறிந்தான். "கொம்பு முளைச்சாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் என் தொண்டை காத்திருக்குமா? ஆணுக்கும் போடுவோம், பெண்ணுக்கும் போடுவோம்!"

அவள் துணியைக் கீழே வைத்தாள், கையை வாயருகே கொண்டுபோனாள். அந்தத் தொண்டையிலிருந்து குலவை கிளம்பியது. முதலில் ஐந்து. பிறகு மூன்று. கனானா சேர்ந்துகொண்டாள். ஓடிப்போன முட்டைக்கோஸ்காரிகள் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். தகரக் கூரைகள் அதிர்ந்தன.

கதோனிக்கு எண்ணத் தோன்றவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிபுச்சியம்மா தன் கடைக்குள் போய் ஒரு குடுவையைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். சூடாக இருந்தது. புளித்த கஞ்சி வாசனை வந்தது.

"காலையிலேயே காய்ச்சிட்டேன். இது எப்படி முடிஞ்சாலும் உனக்கு ஒரு வாய் வேண்டியிருக்கும்னு தோணுச்சு. அவ குடிக்கமாட்டா. நீ குடி."

கதோனி குடுவையை வாயில் வைத்தாள். குடித்தாள்.

அப்போது சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு வெளியூர்க்காரி, குலவை கேட்டு வழக்கப்படி முதுகுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு, தெருவில் நின்று கேட்டாள்.

"நல்ல சேதி கேட்குதே! யார் வீட்டுல பிள்ளை?"

கிபுச்சியம்மா ரயில் நிலையத்துக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"எங்க கதோனி வீட்டுல!"